இல்லந்தோறும் சென்ற தொண்டர்: நிவேதிதா தேவியார் வாழ்க்கை

தொண்டு செய்யப் புறப்படும் ஒருவருக்கு முன்னே இருவகை இடங்கள் உள்ளன. ஒன்று பலரும் கூடும் பொது இடம். மற்றொன்று ஒரு குடும்பம் வாழும் இல்லம். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தலும், மடத்திலே அன்னமிடுதலும், ஆலய வீதியைத் துப்புரவு செய்தலும் பொது இடத்துத் தொண்டுகள். இவை சிறந்தவையே. ஆயினும் இவற்றை நாடி வர இயலாதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றார்கள். எழுந்து நடக்கமாட்டாத முதியவர், நோயுற்ற குழந்தையை விட்டு அகலமாட்டாத தாய், வறுமையை வெளியே சொல்ல நாணும் குடும்பத் தலைவர் ஆகிய இவர்கள் பந்தலைத் தேடி வாரார். தொண்டுதான் அவர்களைத் தேடிச் செல்லவேண்டும்.

அவ்வாறு செல்லுதல் எளிதன்று. ஒரு வீட்டின் படலையைத் திறந்து உள்ளே காலெடுத்து வைக்கும்போதே அவ்வீட்டாரின் மானம் நம் கையில் வந்துவிடுகின்றது. உதவி செய்ய வந்தோம் என்னும் எண்ணம் முகத்திலே தெரியுமாயின், நாம் கொண்டு சென்ற அரிசியும் மருந்தும் அவர்களுக்குப் பாரமாய்விடும். எப்படி நுழைவது, எங்கே அமர்வது, எதைக் காண்பது, எதைக் காணாதிருப்பது என்பவற்றையெல்லாம் அறிந்தவரே இல்லத் தொண்டுக்கு உரியவர்.

இவ்வரிய தொண்டினைத் தாம் கற்று, வாலிபர்க்கும் கற்பித்த ஒருவரின் வாழ்க்கையையே ஈண்டு சொல்ல எடுத்துக்கொண்டோம். அவர் சுவாமி விவேகானந்தரின் சிஷ்யையும், மகாகவி பாரதியார் குருவாகக் கொண்டவருமாகிய சகோதரி நிவேதிதா தேவியார். அவருடைய சொற்பொழிவுகளையும் நூல்களையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். நாம் அவர் ஏறிய வீட்டுப் படிகளின் வழியே அவ்வாழ்க்கையைக் காண முயல்வோம்.

தந்தையார் காட்டிய வழி

அயர்லாந்து தேசத்தின் வடபகுதியில் டங்கானன் என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28ஆந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். தந்தையார் சாமுவேல் நோபிள் ஒரு கிறிஸ்தவ போதகர், தாயார் மேரி. போதகரின் வேலை பிரசங்க பீடத்தோடு முடிவதன்று. தம் சபையைச் சேர்ந்த ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நலம் விசாரித்தலும் அதன் ஒரு பகுதியாகும். சாமுவேல் அவ்வாறு செல்லும்போதெல்லாம் மகளையும் கையிற் பிடித்து அழைத்துச் செல்வார். எழுத்தறியும் பருவத்திலேயே அக்குழந்தை வறியவர் வீட்டின் உட்புறத்தைக் கண்டது. பசித்திருப்போர் முன் எப்படிப் பேசவேண்டும், நோயாளியின் கட்டிலருகே எவ்வளவு மெல்ல நடக்கவேண்டும் என்பவற்றைத் தந்தையைப் பார்த்தே அறிந்துகொண்டது.

அத்தந்தை நெடுங்காலம் வாழவில்லை. 1877இல், தமது 34ஆம் வயதில் அவர் காலமானார். மார்கரெட்டுக்கு அப்பொழுது பத்து வயதளவுதான். தாயார் பிள்ளைகளுடன் தம் பிறந்தகத்தை அடைந்தார். மார்கரெட்டும் தங்கை மேயும் இங்கிலாந்திலே ஹாலிபாக்ஸ் நகரில் விடுதிப் பாடசாலையொன்றில் கற்றனர். கட்டுப்பாடு மிகுந்த அப்பாடசாலையை விட்டு வெளிவந்ததும், 1884இல், பதினேழு வயதிலேயே மார்கரெட் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார்.

சில ஆண்டுகளின் பின் வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் என்னும் ஊரில் அவருக்கு வேலை கிடைத்தது. அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. பகலிற் பாடம் சொல்லிவிட்டு, ஓய்ந்த வேளையிற் சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் செல்வார். தந்தையோடு நடந்த வழியை அங்கே தனியே நடந்தார். பின்னர் குழந்தைக் கல்வியில் பெஸ்டலோசி, புரோபெல் ஆகிய அறிஞர்கள் கண்ட புதுமுறைகளைப் பயின்று, இலண்டனுக்கு அண்மையிலுள்ள விம்பிள்டனில் தாமே ஒரு பாடசாலை நடத்தி, நல்ல ஆசிரியை என்றும் எழுத்தாளர் என்றும் பெயர் பெற்றார்.

குருவின் அழைப்பு

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டனில் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் சுவாமி விவேகானந்தர் பேசுவதைக் கேட்க மார்கரெட் சென்றார். கேட்ட மாத்திரத்தில் அவர் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுத்தார், வாதித்தார், மீண்டும் மீண்டும் வந்து கேட்டார். நெடுநாள் ஆராய்ந்த பின்னரே சுவாமிகளைக் குருவாகக் கொண்டார்.

சுவாமிகள் 1897 ஜனவரி 15ஆந் தேதி கொழும்பில் வந்திறங்கி, கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம் வழியாகப் பாரதம் சென்றதை நம் முன்னோர் கண்களாற் கண்டனர். அவ்வாண்டு மே மாதம் 1ஆந் தேதி கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷன் தோன்றியது. பாரதப் பெண்களின் கல்விக்கு உழைக்க மார்கரெட் விரும்பியபோது, சுவாமிகள் இனிய சொற்களை மாத்திரம் எழுதவில்லை. வெப்பம் வாட்டும், வறுமை எங்கும் காணப்படும், வைதிகர் அவர் தீண்டுதலை அஞ்சி விலகுவர், வெள்ளையரோ அவரைப் பித்தரென எண்ணுவர் என்று முன்கூட்டியே எச்சரித்தார். அத்தனையும் அறிந்துகொண்டே அம்மையார் கப்பலேறி, 1898 ஜனவரி 28ஆந் தேதி கல்கத்தா சேர்ந்தார்.

மார்ச் மாதம் 17ஆந் தேதி, ஸ்ரீ இராமகிருஷ்ணரின் தேவியாராகிய அன்னை சாரதா தேவியாரை அவர் முதன்முதல் தரிசித்தார். அன்னையார் ஆசாரம் பிறழாத பிராமண விதவை. அவர் இப்பிறதேசப் பெண்களைத் தம் மக்களாக ஏற்று, அவர்களோடு உடனிருந்து உண்டார். அந்நாளில் அஃது எண்ணுதற்கும் அரிய செயல். எட்டு நாள் கழித்து, மார்ச் 25ஆந் தேதி, சுவாமிகள் மார்கரெட்டுக்குப் பிரமசரிய தீட்சை அளித்து நிவேதிதா என நாமஞ் சூட்டினார். இறைவனுக்குப் படைக்கப்பெற்றவள் என்பது அதன் பொருள்.

போஸ்பாரா ஒழுங்கை

கல்கத்தாவின் வடபகுதியிலுள்ள பாக்பஜார் வைதிக இந்துக்கள் நெருங்கி வாழ்ந்த இடம். அங்கே போஸ்பாரா என்னும் ஒடுங்கிய ஒழுங்கையிலே தேவியார் குடிபுகுந்தார். முதலிற் சில நாள் அன்னை சாரதா தேவியாரின் வீட்டிலேயே தங்கினார். அங்குள்ள முதிய பெண்களைப் போலவே தரையிற் பாய் விரித்துப் படுத்தார். அன்னையார் முகங்கோணாது ஏற்றுக்கொண்டாராயினும், பிறதேசத்தாள் ஒருத்தி உடனுறைவது அவ்வீட்டாருக்குச் சமூகத்தில் இடர் விளைக்கும் என்பதைத் தேவியார் உணர்ந்தார். அதனால் அதே ஒழுங்கையில் வேறு வீடு பெற்றுத் தனியே வாழ்ந்து, அன்பின் பொருட்டு நாடோறும் பிற்பகலில் மாத்திரம் அன்னையாரிடம் சென்று வந்தார். அன்போடு திறந்த வாயிலாயினும் அங்கே எவ்வளவு நேரம் தங்குவது என்று அறிந்த பண்பு இது.

1898 நவம்பர் 13ஆந் தேதி, காளி பூசை நன்னாளில், அன்னையார் வந்து பூசை செய்து பெண்கள் பாடசாலையைத் திறந்து வைத்தார். பாடசாலை திறந்தது, பிள்ளைகள் வரவேண்டுமே! பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலம் அது. தேவியார் வீடு வீடாகச் சென்றார். சில வீடுகளில் திண்ணையோடு நிறுத்தப்பட்டார். தாம் தொட்ட பாத்திரத்தை வீட்டார் கழுவி வைப்பதையும் கண்டார். அதனாற் சினங்கொள்ளவில்லை, அவர்கள் ஆசாரத்தை இகழ்ந்து ஒரு சொல் பேசவில்லை. திண்ணையில் நிறுத்தினால் திண்ணையிலேயே இருந்து பேசினார். மறுநாளும் சென்றார். குழந்தையின் பெயரைக் கேட்டறிந்து, அடுத்த முறை பெயர் சொல்லி அழைத்தார். பாட்டிமாரிடம் புராணக் கதை கேட்டார். சிறிது சிறிதாக உட்கதவுகள் திறந்தன.

ஓரிரவு அயல்வீட்டில் அழுகுரல் எழுந்தது. அங்கே ஒரு குழந்தை இறந்துவிட்டது. தேவியார் அழைப்பை எதிர்பாராது ஓடிச் சென்று, அத்தாயின் தலையைத் தம் மடியிற் சாய்த்து மௌனமாக அமர்ந்திருந்தார். தன் பிள்ளை எங்கே போயிற்று என்று அத்தாய் கதறியபோது, அது பராசக்தியாகிய பெருந்தாயிடம் இருக்கின்றது என மெல்லச் சொன்னார். அதற்கு மேல் எந்த வேதாந்தமும் பேசவில்லை. துக்க வீட்டிலே கேட்க வேண்டிய சொற்கள் சிலவே என்பதை அவர் அறிந்திருந்தார்.

கொள்ளைநோயும் பதினைந்து மாணவரும்

பிளேக் என்னும் கொள்ளைநோய் 1896இல் பம்பாயில் தோன்றி, 1898இற் கல்கத்தாவை எட்டியது. நோயை உண்டாக்கும் கிருமியை யெர்சன் என்னும் அறிஞர் 1894இற் கண்டறிந்திருந்தார். எலியின் ஒட்டுண்ணியாகிய தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகின்றது என்று சிமோன் என்பவர் 1898இல் எடுத்துரைத்தார். அதனை உலகம் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. குணப்படுத்தும் மருந்து அக்காலத்தில் இல்லை. நோய் கண்டவருட் பெரும்பாலார் மாண்டனர்.

நோயினும் கொடிதாய் மக்களை வருத்தியது, அதைத் தடுக்கவென்று அரசினர் கையாண்ட முறை. 1897இற் புனா நகரிலே பட்டாளத்தார் வீடு வீடாகப் புகுந்து நோயாளரைத் தேடினர். அடுக்களை என்றும் பூசையறை என்றும் பாராது நுழைந்தனர். நோயுற்றோரை உறவினரிடமிருந்து பிரித்துக் கொண்டு சென்றனர். மக்களின் கொதிப்பு எல்லை மீறியது. அவ்வாண்டு ஜூன் 22ஆந் தேதி, பிளேக் தடுப்புக்குப் பொறுப்பாயிருந்த ராண்ட் என்னும் அதிகாரி சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். இச்செய்தி எங்கும் பரவியிருந்தமையால், கல்கத்தாவில் நோய் என்ற சொல் கேட்டவுடனேயே ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டோடினர். எஞ்சினோர் நோயாளரை ஒளித்து வைத்தனர். அரசாங்கத்தின் சுகாதார ஊழியரைக் கண்டால் கதவடைத்தனர்.

டார்ஜிலிங் மலையிலிருந்த சுவாமி விவேகானந்தர் 1898 மே மாதத் தொடக்கத்தில் விரைந்து கல்கத்தா திரும்பினார். வங்க மொழியில் ஓர் அறிக்கை எழுதி, அஞ்சற்க எனத் தேற்றினார். பணம் போதாதாயின், மடத்துக்கென்று புதிதாய் வாங்கிய நிலத்தையும் விற்றுவிடத் துணிந்திருந்தார். அவ்வாண்டு நோய் பெரிதும் பரவவில்லை. ஆனால் 1899 மார்ச்சில் மீண்டும் தலைகாட்டியது. இராமகிருஷ்ண மிஷன் தொண்டுக் குழுவொன்றை அமைத்தது. நிவேதிதா தேவியார் காரியதரிசி. சுவாமி சதானந்தர் களத்தலைவர். மார்ச் 31ஆந் தேதி வேலை தொடங்கிற்று. சதானந்த சுவாமிகள் துப்புரவுத் தொழிலாளரோடு தோளோடு தோள் நின்று, சேரிகளிலே நெடுநாள் குவிந்து கிடந்த குப்பையை வாரி அகற்றுவித்தார்.

ஆள் போதவில்லை. ஒருநாள் தேவியாரே துடைப்பத்தையும் கூடையையும் எடுத்துப் பாக்பஜார் ஒழுங்கையைக் கூட்டத் தொடங்கினார். படித்த வாலிபர் சிலர் அதனைப் பார்த்து நின்றனர். பின் நாணி அருகே வந்து அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டனர். பிற்காலத்தில் வரலாற்றறிஞராய்ப் புகழ் பெற்ற யதுநாத் சர்க்கார், வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி வீதி கூட்டிய அக்காட்சியைத் தாம் கண்டதாக நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவ்வாண்டு ஏப்ரலில் கிளாசிக் நாடகசாலையில் மாணவர் கூட்டமொன்று நடைபெற்றது. சுவாமிகள் தலைமை வகித்தார். கொள்ளைநோய்க் காலத்தில் மாணவர் கடமை என்பது பற்றித் தேவியார் பேசினார். கூட்டம் நிறைந்திருந்தது. ஆயினும் தொண்டுக்கு முன்வந்தவர் பதினைந்து மாணவரே. தேவியார் தொகையைக் கண்டு சலிக்கவில்லை. அப்பதினைவரையும் ஓர் அணியாக்கி, தெரிந்தெடுத்த சேரிகளில் குடிசை குடிசையாகச் சென்று பார்த்துவர அனுப்பினார். சுகாதார விதிகளைக் கூறும் துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்தலும், வீட்டாரிடம் அமைதியாகப் பேசி அவ்விதிகளை விளக்குதலும் அவர்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடி, தாம் கண்டவற்றைத் தேவியாரிடம் சொல்லவேண்டும்.

இம்முறையை நம் வாலிபர் ஊன்றி நோக்கவேண்டும். புனாவில் வீடுகளுக்குள் நுழைந்தவர்களும் நோயைத் தடுக்கவே வந்தனர். கல்கத்தாவில் நுழைந்த பதினைந்து மாணவரும் அதற்காகவே வந்தனர். நோக்கம் ஒன்றே; நுழைந்த விதம் வேறு. அங்கே அதிகாரம் கதவைத் தள்ளிற்று. இங்கே அயலார் பிள்ளைகள் கதவைத் தட்டினர். குறித்த குடிசைகள், குறித்த ஆட்கள், வாரந்தோறும் கணக்கு என்ற ஒழுங்கு இருந்தமையால், அது ஒருநாட் கூத்தாய் முடியாமலுஞ் சென்றது.

பிறரை அனுப்பிவிட்டுத் தேவியார் மனையில் இருக்கவில்லை. அக்காலத்து நிகழ்ச்சியொன்றை வைத்தியர் இராதா கோவிந்த கர் எழுதி வைத்திருக்கிறார். இன்று கல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், நோயாளரைப் பார்த்துவிட்டு அவர் வீடு திரும்பியபோது, வாயிலில் தூசி படிந்த ஒரு நாற்காலியிலே தேவியார் காத்திருந்தார். அன்று காலை வைத்தியர் பார்த்த, பாக்பஜார்ச் சேரிக் குழந்தையின் நிலையை அறிய அவர் வந்திருந்தார். பிழைப்பது அரிது என்றும், அணுகுவோர் மிக்க எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்றும் வைத்தியர் சொன்னார். பிற்பகலில் அவர் மீண்டும் அக்குடிசைக்குச் சென்றார். ஈரங் கசிந்த அச்சிறு குடிலில், நோயுற்ற குழந்தையை மடியில் வைத்தபடி தேவியார் இருந்தார்.

அன்றிரவும் அடுத்த பகலும் அவர் அக்குடிலை விட்டு அகலவில்லை. சுவர்களைத் தூய்மை செய்யவேண்டியிருந்தபோது, சிறிய ஏணியொன்றை வைத்துத் தாமே சுண்ணாம்பு பூசினார். இரண்டு நாளில் அக்குழந்தை அவர் மடியிலேயே உயிர் நீத்தது. அந்நாளில் அவர் உணவு பெரும்பாலும் பாலும் பழமுமே. மற்றொரு நோயாளியின் மருந்துச் செலவுக்காக அப்பாலையும் நிறுத்திவிட்டார் என்பதையும் அவ்வைத்தியரே குறித்திருக்கிறார். குழந்தை பிழைக்கவில்லையே, அவர் சென்றதனாற் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். தீண்டுதற்கும் பிறர் அஞ்சிய ஓர் உயிர், தாய்மடி போன்ற ஒரு மடியிற் கண்மூடியது. அதுவே பயன்.

அவ்வாண்டு ஜூன் 20ஆந் தேதி, பாடசாலைக்குப் பொருள் திரட்டும் நோக்கத்தோடு தேவியார் சுவாமிகளுடன் மேனாடு செல்லக் கப்பலேறினார். பிளேக் நோயுள்ள கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலாதலின், சென்னையில் அவர்களை இறங்கவிடவில்லை. அடுத்துக் கப்பல் கொழும்புத் துறைமுகம் வந்தது. இங்குள்ள அன்பர்கள் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தனர். குமாரசுவாமி, அருணாசலம் முதலிய பெரியோர் சுவாமிகளை வரவேற்று உபசரித்தனர். தேவியாருக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு அத்தோடு முடியவில்லை. அவர் எழுதி முற்றுப்பெறாது விட்ட இந்து பௌத்தக் கதைகள் பற்றிய நூலை, நம்மவராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி எழுதி நிறைவாக்க, அது 1913இல் வெளிவந்தது.

கோபாலின் தாய்

சுவாமி விவேகானந்தர் 1902 ஜூலை 4ஆந் தேதி மகாசமாதி அடைந்தார். நாட்டின் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டிருந்த தேவியார், தம் அரசியலால் மடத்துக்கு ஊறு நேராவண்ணம் அம்மாதத்திலேயே இராமகிருஷ்ண சங்கத்திலிருந்து முறைப்படி விலகிக்கொண்டார். அன்பில் விலகல் இல்லை. அதே போஸ்பாரா ஒழுங்கையில், 17ஆம் இலக்க வீட்டில் வாழ்ந்து பாடசாலையை நடத்தினார். அவ்வீட்டிலே முதுமைக்கு அவர் செய்த தொண்டு ஒன்றை அவசியம் சொல்லவேண்டும்.

அகோரமணி தேவி என்னும் மூதாட்டியார் ஸ்ரீ இராமகிருஷ்ணரின் அடியார்களுள் ஒருவர். இளமையிலேயே கைம்மை எய்தியவர். காமார்ஹாட்டியில், கங்கைக் கரைத் தோட்டமொன்றின் சிற்றறையில், பாலகிருஷ்ணனைத் தம் பிள்ளையாகக் கருதிப் பல்லாண்டு செபஞ் செய்து வாழ்ந்தார். அதனால் எல்லாரும் அவரைக் கோபாலின் தாய் என்றே அழைத்தனர். தேவியார் முன்னொருமுறை அமெரிக்கத் தோழியர் இருவருடன் அவரைக் காணச் சென்றிருந்தார். அம்மூதாட்டி தம் சிற்றறையிலே அவர்களை இருத்தி, பொரியும் தேங்காய்ப் பணியாரமும் தந்து உபசரித்தார். அவர்கள் அவற்றை மகிழ்ந்து உண்டனர். ஏழையின் வீட்டுக்குச் சென்றால் அவர் தருவதை ஏற்றுக்கொள்ளுதலும் ஒரு தொண்டே. கொடுக்க மாத்திரம் தெரிந்து, கொள்ளத் தெரியாதவர் வீட்டாரைத் தாழ்த்திவிடுகின்றார்.

ஆண்டுகள் சென்றன. மூதாட்டி நோயுற்றுத் தனியே வாழ இயலாதவரானார். அவரைப் பாக்பஜாருக்குக் கொண்டுவந்தபோது, தம் வீட்டில் வைத்துப் பேண அனுமதிக்குமாறு தேவியார் வேண்டிக்கொண்டார். கடும் ஆசாரமுடைய பிராமண மூதாட்டி, பிறதேசத்திற் பிறந்த பெண்ணின் வீட்டிலே வாழ்வதா? கோபாலின் தாய் எல்லா உயிரிலும் தம் கோபாலனைக் காணும் நிலையை அடைந்திருந்தமையால் இசைந்தார். தேவியாரும் அவ்வன்பைக் காரணமாக்கி அவர் வழக்கத்தைக் குலைக்கவில்லை. அயலிலிருந்த ஒரு பிராமண வீட்டில் அவருக்கு உணவு ஏற்பாடாயிற்று. தம் வீட்டில் அறையும், பணிவிடையும், மகளின் அன்பும் அளித்தார். பாடசாலைப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே அம்மூதாட்டியின் செபமாலை உருண்டுகொண்டிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு கழிந்தன. 1906 ஜூலையில் அந்திமகாலம் நெருங்கியபோது, வழக்கப்படி மூதாட்டியாரைக் கங்கைக் கரைக்குக் கொண்டு சென்றனர். தேவியார் தம் கைகளால் அவர் படுக்கையை மலர்களால் அலங்கரித்து, வெறுங்காலோடு பின் நடந்தார். ஜூலை 8ஆந் தேதி, கங்கையைத் தொட்டவாறே கோபாலின் தாய் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பெற்ற பிள்ளை ஒருவரும் இல்லை. ஆயினும் பிள்ளையற்றவராக அவர் இறக்கவில்லை.

வெள்ளத்திடையே

அதே ஆண்டு கிழக்கு வங்காளத்தை வெள்ளமும் பஞ்சமும் ஒருங்கே தாக்கின. பாரிசால் என்னும் இடத்தில் அசுவினி குமார் தத்தர் என்னும் பெரியார் இருந்தார். அவர் நிறுவிய பிரஜமோகன் பாடசாலையின் மாணவர்கள், வாந்திபேதி கண்டோரின் வீடுகளுக்குச் சென்று பணிவிடை செய்வதிற் பழகியவர்கள். பஞ்சம் வந்தபோது அவ்விளைஞர்களே ஊர் ஊராகச் சென்று நிவாரணம் வழங்கும் படையாயினர். பழகிய கைகள் இருந்தமையாற் படை திரட்டக் காலம் வீணாகவில்லை.

தேவியார் செப்டெம்பரில் அங்கு சென்றார். தோணியிலேறியும் சேற்றில் நடந்தும் நீர் சூழ்ந்த குடிசைகளை அடைந்தார். பெண்களோடு இருந்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை நாளாக அடுப்பு எரியவில்லை என்று கேட்டறிந்தார். அவ்வாறு கேட்டதனால் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. வெள்ளம் மாத்திரம் பஞ்சத்துக்குக் காரணமன்று. நெல் விளைந்த வயல்களிலே, காசு வருமென்று சணல் பயிரிட்டதும் ஒரு காரணம். இவற்றையெல்லாம் கட்டுரைகளாக எழுதினார். அவை 1907இல் நூலாயின. மேசையில் இருந்து எழுதுவோருக்குக் கிட்டாத உண்மை, திண்ணையில் இருந்து கேட்டவருக்குக் கிட்டியது. ஆனால் அதற்கு அவர் தந்த விலை பெரிது. ஊர் திரும்பியதும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். அதன்பின் அவருடைய உடல்நலம் முன்போல் இருக்கவில்லை.

நம் பாரதியார் இத்தேவியாரைக் கண்டு வணங்கியதைத் தமிழர் யாவரும் அறிவர். மனைவியை ஏன் உடனழைத்து வரவில்லை என்று தேவியார் கேட்டதும், பெண்ணைச் சமமாக மதியாதார்க்கு நாட்டின் விடுதலை எவ்வாறு கிட்டும் என்று உணர்த்தியதும் கவிஞரின் உள்ளத்தை மாற்றின. 1908இல் வெளிவந்த சுதேச கீதங்களை அவர் தேவியாரின் திருவடிக்கே சமர்ப்பித்தார். சொந்த இல்லத்தில் உள்ளவரை மறந்து செய்யும் ஊர்த்தொண்டு குறையுடையது என்ற அறிவுரையும் அதில் அடங்கியிருக்கின்றது.

நிறைவு

1911ஆம் ஆண்டு விடுமுறைக்காக, விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் குடும்பத்தாருடன் தேவியார் டார்ஜிலிங் சென்றார். அங்கே வயிற்றுக்கடுப்பு நோயுற்றார். இறுதி நெருங்குவதை உணர்ந்து, தமக்குரிய யாவற்றையும் பாரதப் பெண்களின் கல்விக்கென எழுதி வைத்தார். அக்டோபர் 13ஆந் தேதி, நாற்பத்து நான்கு வயது நிறையச் சில நாள் இருக்கையில், உயிர் நீத்தார். அவருடைய உடல் இந்து முறைப்படி தகனஞ் செய்யப்பட்டது. தம்மிடமிருந்த அனைத்தையும் பாரதத்துக்கு ஈந்தவர் என்ற கருத்துடைய கல்வெட்டு அவ்விடத்தில் உள்ளது. கவி இரவீந்திரநாதர் அவரை லோகமாதா என்று போற்றினார். அவர் தொடங்கிய பெண்கள் பாடசாலை இன்றும் கல்கத்தாவில் நடைபெற்று வருகின்றது.

இவ்வாழ்க்கையைப் படித்த நாம் செய்யத்தக்கது யாது? 1983 முதல் 2009 வரை நீண்ட போரும், அதனோடு நேர்ந்த புலப்பெயர்வும் நம் ஊர்களின் தோற்றத்தை மாற்றிவிட்டன. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, பெரிய வீடுகளிலே முதிய தாய் தந்தையர் தனித்திருக்கின்றனர். மாதந்தோறும் பணம் வருகின்றது. படலையைத் திறந்துகொண்டு ஆள் வருவதில்லை. போரிற் குடும்பத் தலைவரை இழந்த வீடுகளும் பல. இவர்களுக்குப் பொன்னாடையும் மேடையும் வேண்டியதில்லை. கண் மங்கிய அப்பாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டவும், ஆச்சியை ஆசுபத்திரிக்கு அழைத்துச் செல்லவும், ஒரு பிற்பகல் உடனிருந்து பழங்கதை கேட்கவும் ஒருவர் வேண்டும்.

பெருங்கூட்டம் சேரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்கத்தாவில் முன்வந்தவர் பதினைவரே. இருவர் இருவராகச் செல்லுங்கள். செல்லுமுன் அவர்களுக்கு வசதியான வேளையைக் கேளுங்கள். அங்குள்ள வழக்கத்தை மதியுங்கள். அவர்கள் தரும் தேநீரை மறுக்காதீர்கள். வீட்டிற் கண்ட குறையை வீதியிற் பேசாதீர்கள். ஒருமுறை சென்ற வீட்டுக்கு மறுமுறையும் சென்று, அவ்வாறு செல்வதை ஓர் ஒழுங்காக்குங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் வந்தால் உங்கள் கதவைத் திறந்து வையுங்கள். அவர்கள் கொண்டு வருவதினும், உங்களிடமிருந்து கொண்டு போவது அதிகமாயிருக்கும். நிவேதிதா தேவியார் அறிந்த பாரதத்திற் பெரும்பகுதி, போஸ்பாரா ஒழுங்கையின் பாட்டிமார் அவருக்குக் கொடுத்ததேயாகும்.